எழுபத்திரண்டாயிரத்துக்கு ஒரு 'கிப்சன்': மூடியைக் கழற்றிய பிறகு எழுதும் ரிவ்யூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி செய்யும் லெஸ் பால் என்கிற எலெக்ட்ரிக் கிட்டாரின் ரிவ்யூ இல்லை. தலையில் கிப்சன் என்று பளபளக்கிற, பின்பக்கம் 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று குத்தியிருக்கிற, ஆனால் அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு கிட்டாரின் ரிவ்யூ. எழுபத்திரண்டாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்து வாங்கினேன். பதினான்கு மாதம் ஒரிஜினல் என்று நம்பி வாசித்தேன், நண்பர்களிடம் பெருமை வேறு பேசினேன். இப்போதுதான் இதைப் பற்றி எழுதக் கை வருகிறது.

பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில்தான் பார்த்தேன். லெஸ் பால் ஸ்டாண்டர்ட், 2009, செர்ரி சன்பர்ஸ்ட் (ஓரம் சிவப்பு, நடு மஞ்சள்), ஒரு லட்சத்துப் பத்தாயிரம். விற்றவர் ஆவடியைத் தாண்டி ஒரு அப்பார்ட்மென்ட்டில் இருந்தார். டெக்சாஸில் இருக்கும் மாமா வாங்கி வந்தது, எனக்கு வாசிக்க நேரமில்லை, கல்யாணம் வருகிறது, பணம் தேவைப்படுகிறது என்றார். டீ கொடுத்தார். நானும் ஒன்றும் தெரியாமல் போகவில்லை, பன்னிரண்டு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். பேரம் பேசி எழுபத்திரண்டுக்கு இறக்கியபோது ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். புதிய லெஸ் பால் ஸ்டாண்டர்ட் இங்கே இரண்டரை லட்சத்தைத் தாண்டும் என்பது தெரிந்த ஆளுக்கு, அவ்வளவு சீக்கிரம் ஒருவர் முப்பத்தெட்டாயிரம் இறங்குகிறாரே என்று தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. கையில் அந்தச் சன்பர்ஸ்ட் இருக்கும்போது மூளை வேலை செய்யாது.

அன்றைக்கு நான் செய்த ஒரே பரிசோதனை சீரியல் நம்பர். அதில்தான் விழுந்தேன், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிப்சன் 1977இல் இருந்து எட்டு இலக்க நம்பரைத் தலையின் பின்பக்கம் குத்தி வருகிறது, 2005 வாக்கில் அது ஒன்பது இலக்கம் ஆனது. முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு, நடுவில் இருக்கும் மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, மீதி வரிசை எண். என் கிட்டாரில் 01879 என்று தொடங்கியது. அதாவது 2009ஆம் ஆண்டின் 187ஆம் நாள். ஜூலை 6. போனில் காலண்டரைப் பார்த்தேன், திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமையாக இருந்திருந்தாலாவது ஒரு சந்தேகம் வந்திருக்கும்! எல்லாம் அச்சு அசலாகப் பொருந்துகிறது என்று நானே அவருக்கு விளக்கம் சொன்னேன், அவரும் ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டார். போலி செய்கிறவன் ஏதோ ஒரு நிஜக் கிட்டாரின் நம்பரைப் பார்த்துக் குத்தினால் அது பொருந்தத்தானே செய்யும், அது எனக்கு உறைக்கவில்லை. 400ஆவது நாள் என்று வந்தால் போலி என்று அடித்துச் சொல்லலாம். சரியாக வந்தால் ஒன்றுமே சொல்ல முடியாது.

உண்மை தெரிந்தது ஒரு நவம்பர் மழையில். சென்னை ஈரத்துக்கு நெக், அதாவது கிட்டாரின் நீளக் கழுத்து, லேசாக வளைந்து, ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த ஐந்தாவது கம்பிக்கு) மேல் ஸ்டிரிங் உயரமாகிவிட்டது. நெக்குக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியை, ட்ரஸ் ராடை, கொஞ்சம் முறுக்கினால் சரியாகிவிடும், ஆனால் 'அமெரிக்கக் கிட்டாரை' நானே கை வைக்கப் பயந்து, தெரிந்த ரிப்பேர்க்காரரிடம் எடுத்துப் போனேன். மாடியில் ஒரே அறை, ஒரு மேஜை, மேஜை முழுக்கப் பழைய ஸ்டிரிங் துண்டுகள். அவர் பெட்டியைத் திறந்தார், கிட்டாரைத் தூக்கவே இல்லை, தலையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இதை எங்க வாங்கினீங்க?"

"ஏன்ணே?"

"மூடியில மூணு ஸ்க்ரூ இருக்கே."

நட்டுக்கு (நெக் முடிகிற இடத்தில் ஸ்டிரிங்குகளைத் தாங்குகிற சின்னக் கட்டை) மேலே, தலையில், மணி வடிவத்தில் ஒரு சின்னக் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும் இல்லையா, ட்ரஸ் ராடின் முனையை மறைக்க. கிப்சனில் அதை மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டே ஸ்க்ரூ பிடித்திருக்கும். என்னுடையதில் கீழே இரண்டு, மேலே ஒன்று. பதினான்கு மாதம் தினமும் பார்த்த மூடி. எண்ணிப் பார்த்ததே இல்லை.

அவர் சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை எடுத்து மூன்றையும் கழற்றினார், மூடியை விலக்கிவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே ஆலன் கீ போடுகிற அறுகோணக் குழி. கிப்சனில் அங்கே இருப்பது போல்ட்டில் போடுகிற மாதிரி ஒரு பித்தளை நட். வெளியில் இருந்து பாக்ஸ் ஸ்பேனரை மாட்டித் திருப்ப வேண்டியது, 5/16 அங்குலம். இந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே பாதிக் கதை முடிந்துவிடும் என்றார். தோற்றத்துக்குச் செலவு செய்கிறவன் மூடிக்கு அடியில் செலவு செய்ய மாட்டான், அங்கே தன் ஊர்ப் பட்டறையில் என்ன கிடைக்கிறதோ அதைத்தான் போடுவான். அன்றைக்கு அவர் ஒவ்வொன்றாகக் காட்டியதைத்தான் இனி எழுதப் போகிறேன். நான் அதை ஒரு பிரேதப் பரிசோதனை மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃப்ரெட் கம்பிகள் பதித்த பலகைதான் ஃப்ரெட்போர்டு, அதன் ஓரத்தில் பைண்டிங் என்கிற வெள்ளை பிளாஸ்டிக் பட்டை ஓடும். 2009 காலத்து கிப்சன் ஸ்டாண்டர்டில் ஒவ்வொரு ஃப்ரெட்டின் முனையிலும் அந்த பிளாஸ்டிக் சின்ன மேடாக எழும்பி, கம்பியின் நுனியை மூடி நிற்கும். விரல் நுனியால் நெக்கின் ஓரமாகத் தடவினால் வரிசையாக அரிசி மணி மாதிரி தட்டுப்படும். இதைக் கையால் சீவி எடுக்க வேண்டும், நேரம் பிடிக்கிற வேலை. என்னுடையதில் கம்பி பைண்டிங்கின் மேலேயே ஏறி ஓரம் வரை போயிருந்தது, சில இடங்களில் நுனி கையைக் கீறும். ஆனால் ஒன்று, 2014 வாக்கில் கிப்சனே அமெரிக்க மாடல்களில் இந்த மேட்டை விட்டுவிட்டது. அதனால் 2016 லெஸ் பாலில் மேடு இல்லையே என்று யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். எந்த ஆண்டு என்று விற்கிறார்களோ அந்த ஆண்டுக்கு எது வழக்கம் என்று பார்க்க வேண்டும்.

இந்த ஆண்டுக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு என் கிட்டாரிலேயே இன்னொரு சாட்சி இருந்தது. 2008இல் கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்டை மாற்றி அமைத்தது. உடம்புக்குள் அறை அறையாகக் குடைந்து எடையைக் குறைத்தார்கள், ஸ்டிரிங்கை முறுக்கும் ட்யூனர் பூட்டிக்கொள்கிற மாதிரி வந்தது, கேபிளைச் செருகினால் 'க்ளிக்' என்று பிடித்துக்கொள்கிற ஜாக் வந்தது. 2009 ஸ்டாண்டர்ட் என்று எனக்கு விற்றதில் சாதா ட்யூனர், சாதா ஜாக். இது கம்பெனி தன் தளத்திலேயே போட்டிருந்த விவரம், படித்திருந்தால் ஆவடிக்குப் போன ஆட்டோ காசாவது மிஞ்சியிருக்கும்.

எடையை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதும் இதிலேயே வருகிறது. 'லெஸ் பால் என்றால் கனமாக இருக்கும், இது லேசாக இருக்கிறது, போலி' என்று சொல்பவர்கள் நிறைய. உள்ளே குடைந்த ஒரிஜினல் மூன்றரை கிலோ சொச்சம் இருக்கும், கனமான மரத்தில் செய்த போலி நாலரை கிலோ இருக்கும். தராசு இங்கே உதவாது.

உடம்பின் மேல் ஸ்டிரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜைப் பாருங்கள். கிப்சனில் பிரிட்ஜைத் தாங்கும் இரண்டு கால்களும் மெலிசு, அதில் விரலால் திருகுகிற வட்டச் சக்கரம் இருக்கும். போலியில் பெரும்பாலும் தடித்த கால், அதன் உச்சியில் பெரிய ஸ்க்ரூடிரைவர் போடுகிற அளவுக்கு ஆழமான வெட்டு. ஒரு முறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் போட்டோவில்கூடத் தப்பாது. எனக்கு இப்போது ஆப்பில் வரும் படங்களில் கண் முதலில் அங்கேதான் போகிறது.

தலையைத் திருப்பினார். லெஸ் பாலின் நெக் ஒரே மஹோகனிக் கட்டையில் செதுக்குவது, தலை 17 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கட்டையின் அகலம் தலைக்குப் போதாது என்பதால் இரண்டு பக்கமும் காது மாதிரி சின்னத் துண்டு ஒட்டுவார்கள், உற்றுப் பார்த்தால் நீளவாக்கில் ஒட்டுக்கோடு தெரியும். போலியில் தலையைத் தனிக் கட்டையில் செய்து குறுக்காக ஒட்டிவிடுவார்கள், நெக்கின் பின்னால் ஓரிடத்தில் மரத்தின் ரேகை திடீரென்று திசை மாறும். அந்தக் குறுக்கு ஒட்டு மட்டமான வேலை என்று நினைக்க வேண்டாம், எபிஃபோன் உட்பட நல்ல கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன, சொல்லப்போனால் அது கிப்சன் தலையைவிட உறுதியானது. கீழே விழுந்தால் லெஸ் பால் எங்கே உடையும் என்று எந்த ரிப்பேர்க்காரரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு நட்டுக்குப் பின்னால் கை வைப்பார். ஆக, என் கிட்டாரில் ஒரிஜினலைவிட ஒரு விஷயம் மேல்! ரிவ்யூ என்று எழுதுகிறேன், நியாயமாக இருக்க வேண்டும் இல்லையா.

அடுத்து ஃப்ரெட்போர்டு மரம். அவர் துணியில் கொஞ்சம் எலுமிச்சை எண்ணெய் விட்டு மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தார். துணி கரியாகிவிட்டது. வெளிறிய ஏதோ ஒரு மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி ரோஸ்வுட் என்று வைத்திருக்கிறார்கள், ஃப்ரெட் கம்பிக்கு ஓரத்தில் சாயம் ஏறாத இடம் பிஸ்கட் நிறத்தில் தெரிந்தது. இதில்தான் எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் ஒரிஜினல் லெஸ் பாலில் பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் போடுவது இந்திய ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். அதை வெட்டக் கட்டுப்பாடு போட்டுத் தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். நம் மலை மரத்தைப் போட்ட அமெரிக்கக் கிட்டார் என்று நான் வீட்டில் வேறு கதை சொல்லியிருந்தேன்.

மரம் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்ல வேண்டும். 2011 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளுக்குள் துப்பாக்கியோடு புகுந்து சோதனை போட்டார்கள், விஷயம் இந்தியாவில் இருந்து போன கருங்காலி, ரோஸ்வுட் பலகைகள். அதற்கு முன் 2009இல் மடகாஸ்கர் கருங்காலிக்காக ஒரு சோதனை. 2012இல் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டி கிப்சன் அதை முடித்துக்கொண்டது. அந்தக் காலகட்டத்தில் பல மாடல்களில் ரோஸ்வுட்டுக்குப் பதில் சூட்டில் வறுத்த மேப்பிள் மரத்தைப் போட்டார்கள். அதனால் 2012 கிப்சன் ஒன்றில் ஃப்ரெட்போர்டு விசித்திரமாக இருந்தால் அது உண்மையாகவே கிப்சனாக இருக்கலாம். அதைவிட வேடிக்கை 2015 மாடல்கள். இந்தக் கிட்டாருக்குப் பெயர் கொடுத்த கலைஞர் லெஸ் பாலின் நூற்றாண்டு என்று தலையில் அவர் கையெழுத்தைப் போட்டு, பின்னால் ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டி, தானாகவே ட்யூன் செய்கிற மோட்டார் வைத்து, ஸ்டிரிங்கைத் தாங்குகிற நட்டைப் பித்தளையில் செய்தார்கள். பார்த்தால் பர்மா பஜார் சரக்கு மாதிரிதான் இருக்கும். ஒரிஜினல்!

அப்புறம் பின்பக்க மூடி. நாலு ஸ்க்ரூ, வீட்டில் இருக்கிற ஸ்டார் டிரைவரே போதும், கிட்டாருக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே வால்யூம், டோன் என்று நாலு பாட், அதாவது திருகுகிற கட்டுப்பாடுகள், இருக்கும். கிப்சனில் அவை பெரியவை, பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் சின்ன வட்டம், முதுகில் தயாரிப்புக் குறியீடு குத்தியிருக்கும், அதில் ஆண்டும் வாரமும்கூட இருப்பது உண்டு. என்னுடையதில் எஃப்எம் ரேடியோவில் வருகிற மாதிரி குட்டி பாட்கள், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நூல் மாதிரி ஒயர், ஈயப்பற்று வைத்தவர் மதியச் சாப்பாட்டுக்கு அவசரமாகக் கிளம்பியிருக்க வேண்டும், பந்து பந்தாக இருந்தது. ஒரு ஒயர் எதிலும் ஒட்டாமல் சும்மா கிடந்தது. அதை ரிப்பேர்க்காரர் விரலால் தூக்கிக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே சர்க்யூட் போர்டு இருந்தால் போலி என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது, அதை நம்பாதீர்கள். 2008 காலத்தில் இருந்து பல மாடல்களில் கிப்சனே போர்டு வைத்தது.

ஸ்டிரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை வெளியே எடுத்தபோது அடியில் அழகாகக் காப்புரிமை ஸ்டிக்கர். நான் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சிரித்தார். ஸ்டிக்கர் அடிக்க எவ்வளவு செலவு? இதில் ஒரு பழைய கதை உண்டு. கிப்சனின் ஹம்பக்கர் என்கிற, இரைச்சலை அடக்கும் பிக்கப்பை வடிவமைத்தவர் செத் லவர், அதற்குக் காப்புரிமை கிடைத்தது 1959இல், எண் 2,896,491. ஆனால் அறுபதுகளில் கிப்சன் பிக்கப்புகளின் ஸ்டிக்கரில் இருந்த எண் 2,737,842. அது லெஸ் பால் பெயரில் இருந்த வேறொரு காப்புரிமை, ஸ்டிரிங்கைப் பிடித்து நிறுத்தும் டெயில்பீஸுக்கானது. காப்பியடிக்கிறவர்களைத் திசை திருப்பத்தான் அப்படிச் செய்தார்கள் என்று கிட்டார்க்காரர்கள் சொல்வது உண்டு. ஸ்டிக்கரை நம்பக் கூடாது என்பதை கம்பெனியே அப்போது சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மேல்பூச்சு பற்றி நீட்டாமல் சொல்கிறேன். சன்பர்ஸ்டுக்குக் கீழே தெரிகிற புலிக்கோடு மேப்பிள் மரத்தின் ரேகை. ஒரிஜினலில் கிட்டாரை விளக்கடியில் சாய்த்தால் கோடு நகர்கிற மாதிரி இருக்கும், வெளிச்சம் ஒரு பக்கம் எரிந்து இன்னொரு பக்கம் அணையும். தாளில் அச்சடித்து ஒட்டியதில் அப்படி அசையாது. என்னுடையதில் காகிதம் இல்லை, மெல்லிய மேப்பிள் தோல் ஒட்டியிருந்தார்கள், அதனால் அசையத்தான் செய்தது. ஆக இந்தச் சோதனையில் அது பாஸ்.

சரி, கருவியாக எப்படி? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பார்க்க அழகு, பத்துக்கு எட்டு கொடுப்பேன். ஓவர்டிரைவ் போட்டுப் பவர் கார்டு அடித்தால் மேடைக்குக் கீழே இருக்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது, எனக்கே பதினான்கு மாதம் தெரியவில்லையே. சுத்தமான டோனில் வைத்தால்தான் வண்டவாளம் தெரியும், இரண்டு பிக்கப்பும் ஒரே மாதிரி மூக்கடைத்த குரல். வால்யூமைப் பத்தில் இருந்து மூன்று வரை குறைத்தாலும் ஒன்றும் நடக்காது, அப்புறம் திடீரென்று இறங்கிவிடும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் இரண்டு இடத்தில் ஸ்டிரிங்கை இழுத்தால் சத்தம் செத்துவிடும், ஃப்ரெட் மட்டம் இல்லை. ஜி ஸ்டிரிங் ட்யூன் நிற்காது, ஆனால் அந்தக் குறை ஒரிஜினல் லெஸ் பாலுக்கும் உண்டு, அதனால் அதை நான் அமெரிக்கத்தனம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஃப்ரெட் மட்டம் தட்ட நாலாயிரம், பாட், சுவிட்ச், ஒயர் எல்லாம் மாற்ற மூவாயிரத்து ஐந்நூறு, ஓரளவு நல்ல பிக்கப் ஒரு ஜோடி ஒன்பதாயிரம். எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு இப்போது என்னிடம் வாசிக்கிற மாதிரி ஒரு பெயரில்லாத கிட்டார் இருக்கிறது. புதிய எபிஃபோன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் இதைவிடக் குறைவாகவே கிடைத்திருக்கும், வாரன்ட்டியோடு. எபிஃபோன் பெரும்பாலும் சீனாவில் செய்வதுதான், கிப்சனின் சொந்த பிராண்ட், தைரியமாகத் தலையில் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறது. காப்பி அடிப்பதும் போலி செய்வதும் வேறு வேறு. எழுபதுகளில் ஜப்பானில் இபனெஸ் பெயரில் லெஸ் பாலை அப்படியே செய்து விற்றார்கள், தலை வடிவம் வரைக்கும். 1977இல் கிப்சனின் தாய் கம்பெனி நார்லின் அந்தத் தலைக்காக அமெரிக்காவில் வழக்குப் போட்டது, மறு வருடம் சமாதானமாகிவிட்டார்கள். அந்தக் கிட்டார்களை இன்று தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். என்னுடையதை யாரும் தேட மாட்டார்கள்.

ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் கிட்டார் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இங்கே அந்தப் போலிதான் இன்னும் சுலபம். ஃபெண்டர் 1954இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடம்பு வடிவத்தை அமெரிக்காவில் யாரும் செய்யலாம், அதைத் தனக்கு மட்டும் வணிகச் சின்னமாக்க ஃபெண்டர் கேட்டது 2009இல் மறுக்கப்பட்டது. தலை வடிவமும் பெயரும்தான் ஃபெண்டருக்குச் சொந்தம். ஸ்குவையர் ஃபெண்டரின் மலிவு பிராண்ட் என்பதால் தலை வடிவமும் அதேதான். ஆக ஒரு ஸ்குவையரில் லோகோவைச் சுரண்டிவிட்டு ஃபெண்டர் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் பதினைந்தாயிரம் கிட்டார் அறுபதாயிரம் ஆகிவிடும். தலையில் லோகோ இருக்கும் இடத்தை விளக்கில் சாய்த்துப் பாருங்கள், சுற்றி மட்டும் பளபளப்பு வேறாக இருக்கிறதா, உப்புத்தாள் தேய்த்த தடம் இருக்கிறதா என்று. மெக்சிகோ ஃபெண்டரில் 2010இல் இருந்து நம்பர் எம்எக்ஸ் என்று தொடங்கும், அமெரிக்காவில் செய்தது யுஎஸ். விற்பவர் சம்மதித்தால் நாலு போல்ட்டைக் கழற்றி நெக்கின் அடிப்பாகத்தைப் பார்ப்பது நல்லது, அங்கே முத்திரை இருக்கும். நெக் நிஜம், உடம்பு வேறு எங்கிருந்தோ என்பதும் உண்டு. அதை அப்படியே சொல்லி விற்றால் தப்பில்லை, வாசிக்கவும் நன்றாகவே இருக்கும்.

இப்போது நான் யாருக்காவது வாங்கப் பார்த்துக் கொடுக்கும்போது, நேரில் போவதற்கு முன்பே மூன்று படம் கேட்கிறேன். ட்ரஸ் ராட் மூடியைக் கழற்றி ஒன்று, பின்பக்க மூடியைக் கழற்றி ஒன்று, பிரிட்ஜைப் பக்கவாட்டில் கிட்டத்தில் ஒன்று. ஒரிஜினல் வைத்திருப்பவர் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார், கூடவே நான் கேட்காத நாலு படமும் வரும், இதில் ஒரு கீறல் இருக்கிறது பாருங்கள் என்று அவரே சொல்வார். 'எனக்கு அதெல்லாம் கழற்றத் தெரியாது சார், ஒரிஜினல்தான், நேர்ல வந்து பாருங்க' என்றால் நான் போவதில்லை. தெரியாதவராகவும் இருக்கலாம், அவரும் என்னை மாதிரி ஏமாந்தவராக இருக்கலாம். ஆவடிக்காரரைப் பற்றியும் எனக்கு இன்று வரை முடிவு இல்லை. விஷயம் தெரிந்து கூப்பிட்டபோது நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது, ஆனால் அந்த டீயைக் கொடுத்த விதத்தில் ஒரு திருட்டுத்தனமும் தெரியவில்லை.

அமெரிக்காவிலேயே இது பெரிய தொல்லை. 2024 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகத்தில் 3,000க்கும் மேற்பட்ட போலி கிப்சன்களைப் பிடித்ததாகச் சுங்கத்துறை அறிவித்தது. நிஜமாக இருந்தால் 1.8 கோடி டாலருக்கு மேல் போகும் என்றார்கள். கப்பல் கண்டெய்னரில் ஆசியாவில் இருந்து வந்தவை. இணையத்தில் சில நூறு டாலருக்கு ஒன்று என்று விற்கிற சரக்கு.

என் நண்பர்கள் சொன்ன யோசனை, 'நீயும் எழுபதுக்குத் தள்ளிவிடு' என்பது. போலி என்று தெரிந்த பிறகு விற்றால் வணிகச் சின்னங்கள் சட்டம் 1999, பிரிவு 104, ஆறு மாதத்தில் இருந்து மூன்று வருடம் வரை உள்ளே, அபராதம் ஐம்பதாயிரத்தில் இருந்து இரண்டு லட்சம் வரை. சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு மனசு வந்திருக்காது என்று சொல்ல ஆசைதான், ஆனால் இரண்டு நாள் யோசித்தேன் என்பதுதான் உண்மை. அப்புறம் தலையில் இருந்த லோகோவைச் சுரண்டி எடுத்தேன். முத்துச்சிப்பி என்று நினைத்திருந்தது மெல்லிய பிளாஸ்டிக், நகத்தாலேயே வந்துவிட்டது. இப்போது அக்கா பையன் அதில்தான் பழகுகிறான், அவனுக்கு அது 'மாமா கிட்டார்'.

போன வாரம் கோயம்புத்தூரில் இருக்கும் நண்பன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். லெஸ் பால் ஸ்டாண்டர்ட், 2009, கறுப்பு, தொண்ணூறாயிரம், 'சீரியல் நம்பர் செக் பண்ணிக்கலாம்' என்று போட்டு, தலையின் பின்பக்கத்தைப் பெரிதாகப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். 01879 என்று தொடங்கியது. எழுந்து போய் அக்கா பையனிடம் இருந்து கிட்டாரை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஒன்பது இலக்கமும் ஒன்றுதான். ட்ரஸ் ராட் மூடியைக் கழற்றி ஒரு படம் அனுப்ப முடியுமா என்று விற்பவரிடம் கேட்கச் சொன்னேன். இன்னும் பதில் வரவில்லை, விளம்பரம் மட்டும் இன்று காலை வரை இருக்கிறது. விலை எண்பத்தைந்தாக இறங்கியிருக்கிறது.